கறுத்த மண், பொடி, கல் இல்லை

மலையாள மேட மாதத்துக் கடைசிச் சனிக்கிழமை, காலை ஒன்பதே முக்காலுக்கு முதல் பை வந்தது. பன்னிரண்டு பத்துக்குக் கடைசிப் பை. மொத்தம் இருபத்தியாறு. இடம் எங்கள் ஊர் வாசகசாலையின் முன் அறை. வானம் மூடியிருந்தது, மழை இல்லை. இவ்வளவும் என் நோட்டில் இருக்கிறது. இதைத் தவிர இன்னொன்றும் இருக்கிறது. அதைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

அன்று வந்தவை மண் பைகள். பாறசாலைக்கும் குளத்தூருக்கும் நடுவே, எல்லையை ஒட்டிய எங்கள் ஊரில் அரை ஏக்கர், கால் ஏக்கர் வைத்து வாழையும் மரச்சீனிக் கிழங்கும் போடுகிறவர்கள் கொண்டுவந்தவை. கிருஷி பவனிலிருந்து வந்த வேளாண் அதிகாரி அதற்கு இரண்டு வாரம் முன்பு அதே அறையில் ஒரு வகுப்பு எடுத்தார். கொல்லம் பக்கத்துப் பெண், முப்பது வயது இருக்கும். மண்ணைச் சோதனைக்கு அனுப்பினால், அதில் என்ன இருக்கிறது, என்ன குறைகிறது, எவ்வளவு சுண்ணாம்பு போட வேண்டும் என்று ஓர் அட்டையில் எழுதி வரும். அதன்படி உரம் போடலாம். எப்படி மண் எடுக்க வேண்டும் என்பதையும் படம் போட்டுக் காட்டினார். நிலத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாக ஒரு சாண் ஆழத்துக்குக் குழி எடுத்து, எல்லாவற்றையும் கலந்து, அதிலிருந்து அரைக் கிலோ. சாணிக்குழிக்குப் பக்கத்தில் எடுக்கக்கூடாது, மரத்தின் மூட்டில், அதாவது அடியில், எடுக்கக்கூடாது. மலையாளத்தில்தான் சொன்னார். எங்களுக்கு அதில் ஒரு தடையும் கிடையாது. பாதி வீடுகளில் சண்டை தமிழிலும் சமாதானம் மலையாளத்திலும் நடக்கும். எல்லாருக்கும் எல்லாம் புரிந்தது.

புரிந்த பிறகும் தவறு நடந்தது. வகுப்பை முடிக்கும்போது அவர் சிரித்துக்கொண்டே, இது உங்கள் மண்ணுக்கு நடக்கும் பரீட்சை என்றார். எங்கள் ஊரில் பரீட்சை என்றால் ஒரே ஓர் அர்த்தம்தான். அதில் தோற்கக்கூடாது.

பைகளில் சீட்டு எழுதும் வேலை எனக்கு. போக்குவரத்துக் கழகத்தில் முப்பது வருடம் நேரக்காப்பாளராக இருந்தவன். எந்த வண்டி எத்தனை மணிக்குப் புறப்பட்டது என்று எழுதுவதுதான் வேலை. தாமதமாகக் கிளம்பினால் அதையும் எழுதுவேன். ஏன் என்று ஓட்டுநரிடம் கேட்டதில்லை. கேட்பதற்கு வேறு அதிகாரி இருந்தார். ஓய்வுக்குப் பிறகும் மழை பெய்த நாள், பஸ் நிறுத்தம் இடம் மாறிய நாள், வாசகசாலையில் வாங்கிய புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்த நாள் என்று எழுதிக்கொண்டே இருக்கிறேன். அன்றும் பெயர், சர்வே எண், பயிர் என்று சீட்டில் எழுதியது போக, யாரும் சொல்லாமலே என் நோட்டில் ஒரு பத்தியைக் கூட்டிக்கொண்டேன். மண்ணின் நிறமும் தன்மையும்.

ஒருவர் பிஸ்கட் டின்னில் கொண்டுவந்தார். மூடியைத் திறந்தால் புட்டுக்குச் சலித்த மாதிரி இருந்தது.

"எலே, மண்ணு கொண்டு வரச் சொன்னா அரிமாவு கொண்டு வந்திருக்கா? பெண்ணு பாக்கவா போறே?" என்றார் பின்னால் நின்றவர்.

"பின்ன? எனக்க பேரு எழுதியாக்கும் ஆபீசுக்குப் போவுது. கல்லும் கட்டியும் கொடுத்து நாறவா?"

சிரித்தார்கள். நானும் சிரித்தேன். "பொடி, சலித்தது" என்று எழுதினேன்.

பதினொன்று இருபதுக்கு அவள் வந்தாள். என் வீட்டுக்கு மூன்று வீடு தள்ளி இருக்கிறவள். பள்ளிக்கூடத்தில் மதிய உணவு சமைக்கிறவள். ஊரில் தன் பெயரில் பாட்டத்துக்கு, அதாவது குத்தகைக்கு, நிலம் எடுத்த முதல் பெண் அவள்தான். ரப்பர் மரங்களை வெட்டியெடுத்த சரிவு, படிபோல மூன்று தட்டு நிலம், ஒரு விளைச்சலுக்கு. திருவனந்தபுரத்தில் இருக்கும் நிலத்துக்காரர் ஓணத்துக்கு மட்டும்தான் ஊருக்கு வருவார். மறுபடி ரப்பர் வைக்கலாமென்று இருந்தவரை அவள் பிடித்து, ஏத்தன் வாழை வைக்கிறேன், வருகிற ஓணத்துக்கு அடுத்த ஓணத்தில் வந்து குலையைப் பாருங்கள் என்று கேட்டு வாங்கியிருந்தாள். குலையைப் பார்த்துத்தான் மேற்கொண்டு சொல்வேன் என்பது அவர் பேச்சு. குலை இல்லையென்றால் ரப்பர்.

"அண்ணே, எனக்க பேரு தெளிவா எழுதணும் கேட்டியளா. ரேஷன் கார்டுல ஒரு தடவ என்ன ஆணாக்கி வச்சாவ."

"ஆணா இருந்தா என்ன? அரி கூடுதலா கிடைச்சிருக்குமே."

"அரி கெடைக்கல்ல. பல்லக் காட்டுத ஆளுவதான் கெடைச்சாவ."

பையை வாங்கினேன். விரலால் தேய்த்துப் பார்த்தேன். கறுத்த மண், பொடி, கல் இல்லை. அப்படியே எழுதினேன். அடுத்த பையை வாங்கினேன்.

அவள் பாட்டத்துக்கு எடுத்த நிலம் வெட்டுகல் சரிவு. செங்கல் பொடியைப் போலச் சிவந்த மண், கைப்பிடி மண் எடுத்தால் பாதி கல். தினமும் நான் நடைக்குப் போவது அதன் ஓரமாகத்தான்.

கன்னி மாதம் அட்டைகள் வந்தன. வாசகசாலையில் ஒவ்வொன்றாக வாசித்துக் கொடுத்ததும் நான்தான். பெரும்பாலும் நல்ல அட்டைகள். அவளுக்கு வந்தது எல்லாவற்றிலும் நல்லது. சத்து போதுமான அளவு, சுண்ணாம்பு தேவையில்லை. அவள் அதை வீட்டுச் சுவரில், கிறிஸ்தவ சபைக் காலண்டருக்குப் பக்கத்தில் ஆணியடித்து மாட்டினாள். குழி எடுக்கத் தொடங்கினாள். துலாம் முதல் செவ்வாய் நடவு என்று முடிவு செய்தாள். அன்று பள்ளிக்கூடம் விடுமுறை, கூடப்பிறந்தவள் உதவிக்கு வருவாள். செவ்வாய்க்கிழமை வேண்டாமே என்று நான் சொன்னதற்கு, அது உங்க வீட்டுச் செவ்வாய், எங்க வீட்டுச் செவ்வாய் நல்ல செவ்வாய் என்றாள். ஏத்தனுக்குப் பத்து மாதம் கணக்கு. அன்று நட்டால் ஓணத்துக்கு ஐந்தாறு நாள் முன்பு வெட்டலாம். பஞ்சாங்கத்தைப் பார்த்து அந்தக் கணக்கைப் போட்டுக் கொடுத்தவனும் நானே.

நடவுக்குப் பத்தொன்பது நாள் இருக்கும்போது, ஒரு வியாழக்கிழமை, நோட்டின் கிறுக்கல்களை நல்ல தாளில் பெயர்த்து எழுத உட்கார்ந்தேன். அவள் வரிக்கு வந்ததும் கை நின்றது. கறுத்த மண். அந்தச் சரிவில் கறுத்த மண் ஏது? மேலும் கீழும் பார்த்தேன். கறுப்பு, கறுப்பு, பொடி, கல் இல்லை, சலித்தது. இருபத்தியாறில் பதினேழு அப்படி. ஊரின் மண் சிவப்பு. ஊர் அனுப்பிய மண் கறுப்பு. முதல் வரி என்னுடையது. அதுவும் கறுப்புத்தான். எங்கள் கிணற்றடியில், என் மனைவி சேம்பு வைத்திருக்கும் இடத்தில் எடுத்தது. தூரத்திலுள்ள மரச்சீனி விளைக்குப் போகச் சோம்பல் என்று அன்று எனக்கே சொல்லிக்கொண்டேன். சோம்பல் இல்லை. அந்த மண்ணை இன்னொருவர் கையில் கொடுக்க எனக்கும் கூச்சமாக இருந்தது.

மற்றவர்களுக்கு இந்தத் தவறால் பெரிய கேடில்லை. பழைய நிலம், பழைய பழக்கம், அட்டை வந்தாலும் வராவிட்டாலும் போடுவதைப் போடுவார்கள். அவள் மட்டும்தான் புது நிலத்தில் அட்டையை நம்பி இறங்கியிருந்தாள். வாசகசாலையில் மண்ணைப் பற்றிய ஒரு பழைய கைப்புத்தகம் உண்டு. எடுத்துப் படித்தேன். வெட்டுகல் மண்ணில் புளிப்பு அதிகம், கும்மாயம், அதாவது நீற்றிய சுண்ணாம்பு, இட்டு இரண்டு வாரம் விட்டு நடவேண்டும், இல்லாவிட்டால் போடும் உரம் ஏறாது என்று இருந்தது. பத்தொன்பதில் இரண்டு வாரம் போனால் ஐந்து நாள் மிச்சம். நேரம் இருந்தது. உடனே எழுந்து மூன்று வீடு நடந்து சொல்லியிருக்கலாம்.

வெள்ளிக்கிழமை போனேன். குழிக்குள் இறங்கி நின்றிருந்தாள். "குழி நல்லா இருக்கா அண்ணே?" என்றாள். இருக்கு என்று சொல்லித் திரும்பிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போனேன். காப்பி தந்தாள். எதிரே சுவரில் அட்டை. சபையிலிருந்து வீட்டுக்கு வந்த யாரோ அதைப் பார்த்துக் கேட்டதையும், தான் விளக்கியதையும் சொன்னாள். காப்பியைக் குடித்துவிட்டு வந்தேன். புதன்கிழமை பள்ளிக்கூடச் சமையலறை வரைக்கும் போனேன். பயறு வெந்துகொண்டிருந்தது. அவளுக்குப் பக்கத்தில் உதவிக்காரி நின்றாள். இன்னொருத்தி இருக்கும்போது எப்படிச் சொல்வது என்று அதையும் ஒரு காரணமாக்கிக்கொண்டேன்.

இடைப்பட்ட நாட்களில் நான் எங்கும் நிலையாக உட்காரவில்லை. வெள்ளறடை பஸ்ஸில் ஏறி, பாதியில் இறங்கித் திரும்பி வந்தேன், எதற்கென்று தெரியவில்லை. புத்தகம் எடுத்தால் அதே பக்கம். நாள் எண்ணிக்கை மட்டும் தலைக்குள் ஓடியது. பதினெட்டு, பதினேழு, பதினாறு. பதினான்குக்குக் கீழே போனதும் எனக்கே என்மேல் எரிச்சல் வந்தது.

"சோறு உண்ணாம அந்த நோட்ட என்னத்துக்கு இப்பிடித் திருப்பித் திருப்பிப் பாக்குதிய?" என்றாள் மனைவி. "அதுல வாழ முளைக்கவா போவுது?"

விஷயத்தைச் சொன்னேன். அவள் என் தட்டைக் கூட எடுக்காமல் நின்றாள்.

"இத எனக்கிட்ட என்னத்துக்குச் சொல்லுதிய? நானா பாட்டத்துக்கு எடுத்தேன்? போய்ச் சொல்லுங்க. வசவு வாங்கினா வாங்கிட்டு வாருங்க. சோறு மூடி வைக்கேன்."

அது திங்கட்கிழமை. எட்டு நாள் இருந்தது.

அன்றே அந்தச் சரிவுக்குப் போனேன். கடைசித் தட்டில் குழிகளுக்கு மேல் கன்றுகளை இறக்கி வைத்துக்கொண்டிருந்தாள். சாணமும் சாம்பலும் கரைத்துப் பூசிய கன்றுகள். நோட்டைத் திறந்து வரியைக் காட்டினேன். குனிந்து வாசித்தாள்.

"ஆமா. அதுக்கு?"

"இது எங்க உள்ள மண்ணு மக்கா?"

கையிலிருந்த கன்றைக் கீழே வைத்தாள். பிறகு, "அடுக்களைக்குப் பின்னாடி. மீன் கழுவுத தண்ணி விழுல்லா, கறிவேப்பிலைக்க மூட்டுல" என்றாள். உடனே குரல் ஏறியது. "பின்ன இந்த வெட்டுகல்லயா கொடுக்கது? அந்தப் பெண்ணு படிச்சுட்டு வந்த பெண்ணு. இதக் கையில வாங்கினா என்ன நெனப்பா? இவளுக்கு வாழ ஒரு கேடான்னு நெனைக்கமாட்டாளா?"

"அவ ஒண்ணும் நெனைக்கமாட்டா. மெஷினாக்கும் பாக்கது."

"அத அண்ணிக்குச் சொல்லியிருக்கணும். கறுத்த மண்ணுன்னு எழுதத் தெரிஞ்சுது. இது செவத்த மண்ணுன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"தெரிஞ்சும் எழுதி மட்டும் வச்சிய."

அவள் நோட்டை என் கையிலிருந்து வாங்கினாள். இரண்டு பக்கம் புரட்டினாள். பெயர்த்து எழுதத் தொடங்கிய தாள் உள்ளே இருந்தது. மேலே நான் வழக்கம்போல் கிழமை போட்டிருந்தேன்.

"இது என்ன வியாழன்? போன வியாழனா?"

பொய் சொல்ல இடமிருந்தது. "அதுக்கு முந்தின வியாழன்" என்றேன்.

விரல் விட்டு எண்ணினாள். "பதினொண்ணு நாளு. நடுவுல எனக்க வீட்டுல வந்து காப்பியும் குடிச்சிட்டுப் போயிருக்கிய." நோட்டை என் நெஞ்சில் சாத்தினாள். "அந்தக் காப்பியையும் எழுதினியளா?"

எழுதியிருந்தேன்.

அதிகாரியைப் போனில் அழைத்தேன். மறுநாள் காலை ஸ்கூட்டரில் வந்தார். எல்லாவற்றையும் சொன்னோம். யாரையும் திட்டவில்லை. தன் தலையில்தான் தட்டிக்கொண்டார், அந்தப் பரீட்சை வார்த்தைக்காக. மூன்று தட்டிலும் குழி எடுத்து, மண்ணைக் கலந்து, சிறிய குழாயில் தண்ணீரோடு குலுக்கி, ஒரு காகிதத் துண்டை நனைத்தார். நிறம் மாறியது.

"சேச்சி, நல்ல புளிப்பாணு."

"புளின்னா மீன்கறிக்கு ஆவுமா?" என்றாள் அவள். சிரிப்பில்லாமல்தான் கேட்டாள். அதிகாரி சிரித்துவிட்டுப் பிறகு நிறுத்திக்கொண்டார்.

புதன்கிழமையே கும்மாயம் போட்டாலும் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டும். நடவு எட்டு நாள் தள்ளும். கன்றுகளை நிழலில் வைத்தால் அதுவரை கெடாது, அந்தக் கவலை வேண்டாம் என்றார். கவலை அதுவல்ல. எட்டு நாள் தள்ளினால் குலை ஓணத்தைத் தாண்டிவிடும். நிலத்துக்காரர் வருவதோ ஓணத்துக்கு.

அவள் வரப்பில் உட்கார்ந்து மூன்று தட்டையும் பார்த்தாள். மேல் தட்டில் நாற்பது குழி. கீழ் இரண்டிலும் எண்பது.

"மேல உள்ளத செவ்வாய்க்கிழம வைப்பேன். அப்பிடியே. ஓணத்துக்கு அவருக்குக் காட்டதுக்கு என்னமாம் வேணும். கீழ உள்ளதுல கும்மாயம் போடுங்க."

மேல் தட்டு சரியாக வராமல் போகலாம் என்று அதிகாரி சொல்லிப் பார்த்தார். மூணுல ஒண்ணு போனா போட்டு என்றாள். அந்தப் புதன்கிழமை கும்மாயம் தூவுவதற்கு நானும் போனேன். யாரும் கூப்பிடவில்லை. முகத்தில் துணி கட்டிக்கொண்டு, ஒரு குழிக்கு இவ்வளவு என்று அளந்து போட்டேன். அவள் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. மதியம் சாப்பாடு மட்டும் தந்தாள்.

அந்தச் சனிக்கிழமை வாசகசாலையில் நோட்டை வாசித்தேன். என் வரியை முதலில் வாசித்தேன், அதனால் மற்றவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொண்டார்கள். பிஸ்கட் டின்காரர் மட்டும், "எனக்க விளையில நான் நடக்குத இடத்துலதான் எடுத்தேன், நான் நல்ல இடத்துலதான் நடப்பேன்" என்று கடைசி வரை நின்றார். அடுத்த மேடத்தில் எல்லாரும் புதிதாக மண் எடுப்பதென்றும், எடுக்கும்போது பக்கத்து வீட்டுக்காரர் கூட நிற்க வேண்டுமென்றும் முடிவானது. அவள் நிலத்தில் அப்போது வாழை நிற்கும், உரமும் விழுந்திருக்கும். குலை வெட்டிய பிறகுதான் அவளுடையது.

பிறகு பத்து மாதம். நான் ஒவ்வொரு நாளும் அந்த வரப்பு வழியாக நடந்தேன். மகரத்தில் மேல் தட்டு இலைகளின் ஓரம் மஞ்சளாயிற்று. கீழே பச்சை நின்றது. மீனத்தில் மேலே நான்கு வாழை வளராமல் நின்றன. மேடத்தில் அவள் மறுபடி என்னிடம் பேசத் தொடங்கினாள். வாழைக்கு நான் நூல் பிடித்து அளப்பதைப் பார்த்து, "தையல்காரன் வந்தாச்சு" என்றாள். அதுதான் முதல் பேச்சு. இடவத்தில் மழையும் காற்றும். கீழ் தட்டில் இரண்டு சாய்ந்தன. முட்டுக் கொடுக்க நானும் கம்பு பிடித்தேன். ஒவ்வொரு குலை வெளிவந்த நாளையும் எழுதினேன்; எழுதியதை மறுநாளே போய் அவளிடம் சொன்னேன். தொந்தரவாக இருந்திருக்கும். ஆனாலும் சொன்னேன்.

சிங்க மாதம் வந்தது. மேல் தட்டில் இருபத்தொன்பது குலை ஓணச் சந்தைக்குப் போயிற்று. சிறிய குலைகள், காய் ஒல்லி. எடுக்க வந்தவர் தூக்கிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். மிச்சம் விளையவே இல்லை. கீழே எண்பதில் ஒன்றைக்கூட வெட்ட முடியவில்லை. இன்னும் ஒரு வாரம், பத்து நாள்.

உத்திராடத்தன்று, அதாவது திருவோணத்துக்கு முந்தின நாள், காலை பத்தேகாலுக்கு நிலத்துக்காரர் காரில் வந்து இறங்கினார். கையில் குடை. நான் வரப்பில் நின்றேன். அவள் வேட்டைநாய் முன்னால் நிற்பவளைப் போல் அசையாமல் நின்றாள். மேல் தட்டில் வெட்டிய தண்டுகளும் மஞ்சள் இலைகளும்.

"இதெந்தா இங்ஙனெ மஞ்ஞளிச்சு?"

என்ன சொல்லப்போகிறாள் என்று எனக்குத் தெரியவில்லை. மழையைச் சொல்லலாம், நோயைச் சொல்லலாம். என் பெயரையும் சொல்லலாம். அதில் நியாயம் இருந்தது.

"மண்ணு மாத்திக் கொடுத்துட்டேன் சாரே," என்றாள். "ஆபீசுக்கு நல்ல மண்ணுதான் அனுப்பணும்னு நெனைச்சு வீட்டு மண்ண அனுப்பினேன். மேல உள்ளது அத நம்பி வச்சது. கீழ உள்ளது இந்த மண்ணையே பாத்து வச்சது. வாருங்க."

அவர் இறங்கினார். கீழ் தட்டு நிழலாக இருந்தது. குலைகள் முழங்கால் வரை தொங்கின. ஒரு காயைக் கைக்குள் பிடித்துப் பார்த்தார். குடையின் முனையால் மண்ணைக் கிளறினார். பிடித்த காயையே மறுபடியும் பிடித்தார்.

"எப்போ வெட்டும்?"

"ஓணம் கழிஞ்சு."

"ஓணத்தினில்லே?"

"இல்ல. எட்டு நாளு பிந்திப் போச்சு."

அவள் என் பக்கம் பார்க்கவில்லை. நான் குடைக்காரரின் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் மேலே ஏறினார். கார் கதவைத் திறந்துவிட்டுத் திரும்பினார்.

"அடுத்த கொல்லம் ஓணத்தினு மும்பு வெட்டணம்."

கார் போயிற்று. அடுத்த கொல்லம் என்றால் அடுத்த வருடம். நிலம் இன்னொரு வருடத்துக்கு அவளுடையது. பேச்சுதான், எழுத்தில் ஒன்றும் இல்லை. நான் மணியை எழுதிக்கொண்டேன். பத்து நாற்பது.

கீழ் தட்டு வெட்டி முடிந்து, தண்டும் இலையும் அகற்றிய பிறகு வந்த சனிக்கிழமை, அவள் மேல் தட்டில் மம்மட்டியோடு நின்றாள். என்னைக் கூப்பிட்டு அனுப்பியிருந்தாள். ஒன்பது இடத்தில் குழி எடுத்தாள். நடுவில் நல்லதாகத் தெரிந்த ஓர் இடத்தில் அவள் கால் தானாக நின்றது. மம்மட்டியை ஓங்கியவள் என்னைப் பார்த்துவிட்டு, அதைத் தாண்டி, கல் துருத்திய இடத்தில் வெட்டினாள். கலந்து, பையில் போட்டு, முடிச்சுப் போடாமல் என் முன்னால் நீட்டினாள்.

நோட்டைத் திறந்தேன். சிவப்பு, கல் கலந்தது என்று எழுதினேன். பையை வாங்கக் கை நீட்டினேன். அவள் கொடுக்கவில்லை.

"கேளுங்க."

"என்னத்தக் கேக்கது? கண்ணு முன்னாடிதானே எடுத்தே."

"இருந்தாலும் கேளுங்க. எழுதிட்டுப் போவதுக்குள்ள கேளுங்க."

"எங்க உள்ள மண்ணு மக்கா?" என்று கேட்டேன்.

சொன்னாள். பையைத் தந்தாள்.